முக்கால் கேப்டன்

விமானத்தின் முன்னறையில் இரண்டு நாற்காலிகள். வலது நாற்காலியிலிருந்து இடது நாற்காலிக்கு மாற வேண்டுமென்றால் எழுந்து ஓர் அடி எடுத்து வைத்தால் போதும்.

அவள் அந்த ஓர் அடியைப் பத்து வருடமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் போய்ச் சேரவில்லை.

வலது நாற்காலி துணை விமானிக்கு. தோளில் மூன்று தங்கக் கோடுகள். இடது நாற்காலி கேப்டனுக்கு. நான்கு கோடுகள். நாலில் மூன்று என்றால் முக்கால்தானே என்று கணக்குப் போட்டு, அவளுக்கு 'முக்கால் கேப்டன்' என்று பேர் வைத்தவள் நாத்தனார். கணவனின் தங்கை. மாடியில் இவர்கள் வீடு, கீழே கணவனின் பல் மருத்துவமனை, அதன் வாசல் மேஜையில் நாத்தனார். வருகிறவர்களுக்குப் பல் வலி பாதி மறந்துபோவது அவள் வாயைக் கேட்டுத்தான் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

கல்யாணமே பல்லால் வந்ததுதான். அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. "மேல போனா வலிக்குது டாக்டர், கீழ இறங்கினா சரியாயிடுது" என்று வந்து உட்கார்ந்தாள். வேறு யாராவது இருந்தால் மனசு சம்பந்தப்பட்ட டாக்டரிடம் அனுப்பியிருப்பார்கள். இவன் வாயைத் திறக்கச் சொன்னான், விளக்கைத் திருப்பினான், பழைய அடைப்புக்குக் கீழே காற்று சிக்கியிருக்கிறது, மேலே போகப் போக அது விரிகிறது, அதுதான் வலி என்று கண்டுபிடித்தான். சரிசெய்த பிறகு, "அப்படியும் வலிச்சா கீழயே இருந்துடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றான். சொன்ன பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே உறைத்தது. காது சிவந்துபோனது. அவள் அடுத்த வாரமும் வந்தாள். அப்போது எந்தப் பல்லும் வலிக்கவில்லை.

நல்ல ஜோடி. ஒரே ஒரு குறை. அவன் பகலெல்லாம் அடுத்தவர் வாயைக் கவனித்துவிட்டு மாடிக்கு வந்தால், மனைவியின் வாயிலிருந்து வருவது எதுவும் அவன் காதுக்குள் போகாது. எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"ம்ம்."

அவளும் ஒன்றும் சளைத்தவள் இல்லை. நான்கு நாள் பறந்துவிட்டு வந்தால் அவளுக்கும் அதே வியாதி. இரண்டு பேரும் ராத்திரிச் சாப்பாட்டில் மாறி மாறி 'ம்ம்' சொல்லிக்கொண்டு, எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாமலே ஒரு சோபாவும், ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவதாக வாக்கும், மாடிக்கு மஞ்சள் பெயின்ட்டும் வாங்கிவிட்டார்கள்.

வீட்டில் 'ம்ம்' சொன்னால் மஞ்சள் சுவரோடு போகும். விமானத்தில் அப்படி இல்லை.

அவளுடைய முதல் கேப்டன் தேர்வு அதனால்தான் போனது.

தேர்வு நடப்பது சிமுலேட்டரில். பெரிய கொட்டகைக்குள் ஆறு இரும்புக் கால்களில் நிற்கிற ஒரு வெள்ளைப் பெட்டி அது. உள்ளே ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் நிஜ விமானம்தான். குலுங்கும், சாயும், கண்ணாடிக்கு வெளியே மழை பெய்யும். விழுந்தால் மட்டும் உயிர் போகாது. வேலை போகும்.

அன்றைக்கு வலது பக்க இன்ஜினில் தீ என்று விளக்கு எரிந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு விமானி சம்பந்தப்பட்ட நெம்புகோலில் கையை வைத்துக்கொண்டு, "இதுதானே?" என்று கேட்க வேண்டும். இன்னொருவர் திரும்பிப் பார்த்து, சரியென்றால் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அணைக்கலாம். பக்கத்தில் இருந்தவர் கையை வைத்தார், கேட்டார். அவள் கண் வேகத்தைக் காட்டும் திரையில் இருந்தது. வாய் மட்டும், "ம்ம், கன்ஃபர்ம்" என்றது.

அவர் கை வைத்திருந்தது இடது இன்ஜினில்.

எரிந்த இன்ஜின் எரிந்துகொண்டிருக்க, நல்ல இன்ஜின் அணைந்தது. பெட்டிக்குள் திடீரென்று ஒரு அமைதி. கண்ணாடியில் வயல்வெளி மேலே மேலே வந்தது. கடைசியில் திரை சிவப்பாகி அப்படியே நின்றுவிட்டது.

பின்னால் உட்கார்ந்து தேர்வு நடத்தியவர் மீசை. கம்பெனியின் தலைமைத் தேர்வாளர். முகத்தில் மீசை கிடையாது. ஆக்ஸிஜன் முகமூடி முகத்தோடு காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் படித்த அன்றே, ஊரே வியந்த மீசையை மழித்துவிட்டார். மீசை போனது, பேர் தங்கிவிட்டது. விதியில் உள்ள ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னாலும் அவர் பேனா நின்று யோசிக்கும்.

"உங்க கை நல்லா ஓட்டுது," என்றார் மீசை. "அவர் கேட்டது உங்க காதுல விழுந்துச்சு. உள்ள போகல."

அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

இன்னொரு வாய்ப்பு உண்டு. ஒன்றே ஒன்று. அதுவும் போனால் மூன்று வருடத்துக்கு மறுபடி கூப்பிட மாட்டார்கள். அது போனால் போகட்டும் என்று விடலாம். விட முடியாத விஷயம் வேறு. கம்பெனி புது விமானங்கள் வாங்குகிறது, தூரத்து நகரம் ஒன்றில் புதுத் தளம் திறக்கிறது. அவள் வரிசையில் இருக்கும் துணை விமானிகள் எல்லோரும் அங்கே. கேப்டன்களுக்குத்தான் இந்த ஊரில் பற்றாக்குறை. தேறினால் சொந்த வீடு, சொந்தக் கட்டில். தவறினால் மாதத்துக்கு நாலு நாள் விருந்தாளியாக வந்து மஞ்சள் சுவரைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

விஷயத்தைக் கேட்டதும் கணவன், மருத்துவமனையை மூடிவிட்டுத் தானும் அங்கேயே வந்துவிடுவதாகச் சொன்னான். பல் எல்லா ஊரிலும் இருக்கிறது என்பது அவன் வாதம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாற்காலியையும் விளக்கையும் அவன் எப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்தான் என்று கூட இருந்து பார்த்தவள் அவள்.

"நீங்க பல்லைப் பாருங்க. நான் தேறிக் காட்டறேன்."

"ம்ம்," என்றான் அவன். அந்த ஒரு தடவை மட்டும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் சொன்னான்.

இதற்கு நடுவில் நாத்தனாருக்கு வேறு ஒரு கவலை. அவள் பெண் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிறாள். அத்தை மாதிரி நானும் பறப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஒருநாள் சாயங்காலம் கடைசி நோயாளி போனதும், நாத்தனார் மாடியேறி வந்து சாப்பாட்டு மேஜையில் விசாரணைக் கமிஷன் மாதிரி உட்கார்ந்தாள்.

விமானியாக வேண்டுமானால் படிப்பில் கணக்கும் இயற்பியலும் வேண்டும் என்று அவள் நாத்தனாருக்குச் சொன்னாள். பறக்கும் பள்ளியில் சேர்ந்து, தனியாகவும் ஆசிரியரோடும் இருநூறு மணி நேரமாவது பறந்தால் தொழில் லைசன்ஸ். பெரிய விமானம் ஓட்ட அந்தந்த ரகத்துக்குத் தனிப் பயிற்சி. கேப்டனாக ஆயிரத்து ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல், அதற்கு மேல் பரீட்சைகள். கண்ணாடி போட்டிருக்கிறாளே என்று நாத்தனார் இழுத்தாள். கண்ணாடி பரவாயில்லை, சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றாள் அவள். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. வருடம் தவறாமல் உடம்புப் பரிசோதனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர். வேலையில் சேர்ந்த பிறகும் கடைசி நாள் வரை பரீட்சைதான்.

"கட்டின புருஷன்கூட ஒருதரம் பார்த்து ஓகே சொன்னா அதோட விட்டுடறான்," என்றாள் நாத்தனார். "சரி, முக்கியமானதுக்கு வாங்க அண்ணி. சம்பளம்?"

அடிப்படையாக ஒரு தொகை உண்டு, மிச்சமெல்லாம் பறக்கிற மணிக்குத்தான் என்று அவள் விளக்கினாள். ஆரம்பத்தில் சுமார், படிக்கப் போட்ட பணத்தைத் திருப்பவே சரியாக இருக்கும். கேப்டனானால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"மழை பெஞ்சு விமானம் நின்னுட்டா?"

"காசும் கொஞ்சம் நிக்கும்."

"எங்க அண்ணன் தேவலை. மழை பெஞ்சாலும் பல்லு வலிக்கும்."

வேலை கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. அதற்கும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். இப்போது எல்லா கம்பெனியும் ஆள் தேடுகின்றன, ஆனால் அனுபவம் உள்ள ஆளைத் தேடுகின்றன. பெண் படித்து முடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வருடம் வா வா என்பார்கள், அடுத்த வருடம் வாசலில் நிற்க வைப்பார்கள். பறக்காவிட்டால் தூக்கம் வராது என்று இருந்தால் வரட்டும், சீருடை அழகாக இருக்கிறது என்று வந்தால் வேண்டாம்.

இவ்வளவு பேச்சுக்கும் கணவன் எதிரேதான் இருந்தான். செல்போனில் புது ரகப் பல் நாற்காலி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்ணைப் படிக்க வைக்கலாமா அண்ணா என்று நாத்தனார் கேட்டாள். "ம்ம்" என்றான். வேண்டாமா என்று கேட்டாள். அதற்கும் "ம்ம்" என்றான்.

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். அவள் குரலை மாற்றாமல், உப்பை எடுங்க என்கிற தொனியிலேயே கேட்டாள்.

"என்னங்க, அடுத்த வாரம் நாம ஒரு யானை வாங்கலாமா?"

"ம்ம்."

"மொட்டை மாடில கட்டிடலாம்ல?"

"ம்ம், பார்த்துப் பண்ணு."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறியது. அவன் நிமிர்ந்து, என்ன, என்ன என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. தவறான நெம்புகோலில் இருந்த அந்தக் கை அவள் கண்ணில் வந்துவிட்டது.

"இதே 'ம்ம்'தான் நானும் சொன்னேன். எனக்கு இன்னொரு தடவைதான் இருக்கு," என்றாள்.

அவன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

மறுநாள் மதியம் அவளைக் கீழே கூப்பிட்டான். தான் வேலை செய்வதை ஒரு மூலையில் நின்று பார்க்கச் சொன்னான். நாற்காலியில் ஒரு பெரியவர், வாயில் பஞ்சு, குழாய், கண்ணாடி எல்லாம். வாய்க்குள் கை இருக்கும்போது எந்த மனிதனாலும் 'ம்ம்' தவிர வேறு எதுவும் சொல்ல முடியாது. அதனால் இவன், வலிக்கிறதா, சரியாக இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. "எந்தப் பக்கம் வலி, அந்தப் பக்கக் கையைத் தூக்குங்க." "உங்களுக்கு எத்தனை பசங்க, விரல்ல காட்டுங்க." ஒவ்வொன்றுக்கும் பெரியவரின் கை எழுந்தது. மூன்று விரல் காட்டினார். இன்னொன்றை மடக்குவதா நீட்டுவதா என்று யோசித்து, கடைசியில் நீட்டினார்.

பெரியவர் போன பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"சில பேருக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். மயங்கப்போறவனும் 'ம்ம்'தான் சொல்வான். அது அவன் சொல்றது இல்ல, வாய் பழக்கத்துல சொல்றது. ஆமாவா இல்லையான்னு கேட்டா மாட்டிக்குவோம். வேற பதில் வர்ற மாதிரி கேக்கணும். பதில் வரலன்னா நாற்காலியைச் சாய்ச்சு காலைத் தூக்கிடுவேன்."

"இவ்வளவும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு வீட்டுல?"

"வீட்டுல நான்தான் நோயாளி," என்றான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. யார் யாரிடம் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் யானைக் கேள்வி கேட்கலாம். காதில் வாங்காமல் 'ம்ம்' சொல்லி மாட்டுகிறவர் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். நாத்தனார் தன்னைத் தானே நீதிபதியாக நியமித்துக்கொண்டாள்.

முதல் வாரம் முழுக்க அவன்தான் தேய்த்தான். பல் டாக்டர் கை என்பதால் பாத்திரம் நன்றாகவே பளபளத்தது. இரண்டாவது வாரம் அவன் சுதாரித்துக்கொண்டு திருப்பி அடித்தான். அவள் பாடப் புத்தகத்தில் மூழ்கியிருக்கும்போது பார்த்து, டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டிருக்கிறேன், பரவாயில்லையா என்று கேட்டான். "ம்ம்" என்றாள். நிஜமாகவே உப்புதான் போட்டிருந்தான். குடித்துவிட்டு அவள் பார்த்த பார்வைக்கு, அன்றைக்குப் பாத்திரத்தை அவனே தேய்த்துவிட்டான்.

சாயங்காலங்களில் ஒத்திகை. அலமாரிக் கதவில் காக்பிட்டின் படத்தை அசல் அளவில் ஒட்டியிருந்தாள். எதிரே இரண்டு சாப்பாட்டு நாற்காலிகள். இடதில் அவள், வலதில் அவன். நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் இரண்டு மரக்கரண்டி, அவைதான் இன்ஜின் நெம்புகோல்கள். அவன் அட்டையைப் பார்த்து வாசிப்பான், கரண்டியில் கை வைத்து இதுதானே என்பான். ஐந்தில் ஒரு தடவை வேண்டுமென்றே தவறான கரண்டியில் வைப்பான். அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, இல்லை, அது என்பாள். நீ நீயாகவே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளாதே, என்னையும் வேலை வாங்கு என்று அவன் சொல்வான். அதை மட்டும் அவள் வீட்டு வேலைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் இப்படியே போனது. தேர்வு நாள் வந்தது.

கொட்டகையில் வெள்ளைப் பெட்டி தயாராக நின்றது. வலது நாற்காலிக்கு வந்தவன் ஒல்லி. அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் துணை விமானி, எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவன். ஏணி ஏறும்போதே, "கவலைப்படாதீங்க மேடம், நான் இருக்கேன்" என்றான். மீசை அவனைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய் இரண்டு நிமிடம் ஏதோ பேசினார். அவள் அதைக் கவனிக்கவில்லை. பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கிளம்பி மேலேறியதும் எதிர்பார்த்ததுதான் வந்தது. மணி அடித்தது. இன்ஜினில் தீ. இந்தத் தடவை இடது, ஒன்றாம் நம்பர்.

ஒல்லியின் கை நெம்புகோலுக்குப் போனது. "ஒன்னாம் நம்பர். இதுதானே?"

அவள் விமானத்தை நேராக்கினாள். வேகத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்தைத் திருப்பி, அவன் கையை, கைக்குக் கீழே இருந்த நெம்புகோலை, அதன் மேல் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். மரக்கரண்டி ஞாபகத்துக்கு வந்தது.

"சரி. கன்ஃபர்ம்."

அணைந்தது. எரிந்ததுதான் அணைந்தது. ஒற்றை இன்ஜினில் சுற்றி வந்து இறங்கினாள். சக்கரம் தரையைத் தொட்ட அதிர்வில் அவளுடைய மூன்று மாதப் பாரம் இறங்கிப்போனது. பின்னாலிருந்து மீசை, அடுத்த பயிற்சி சாதாரணமாக ஒரு தரையிறக்கம், கொஞ்சம் மேகம் இருக்கும், வேறொன்றுமில்லை என்றார்.

வேறொன்றுமில்லை. அந்த வார்த்தையில்தான் பொறி இருந்தது.

மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே வெறும் சாம்பல் நிறம். தானியங்கி விமானத்தைப் பிடித்திருந்தது, அவள் அதைக் கண்காணித்தாள். வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்பக்க மடிப்புகளைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள். ஒல்லி வேகத்தைச் சொல்லி, சரிபார்த்தேன் என்று சொல்லி, இறக்கினான். இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னாள்.

"ம்ம்," என்றான் ஒல்லி. கை நகர்ந்தது. மடிப்பும் இறங்கியது.

வேலை நடந்துவிட்டது. அங்கே விட்டுவிட்டிருக்கலாம். யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவள் காதில் மட்டும் ஏதோ உறுத்தியது. வாய் ஓயாத ஒல்லிக்கு ஒற்றை எழுத்தில் பதில் சொல்லத் தெரியாதே.

சக்கரத்தை இறக்கச் சொன்னாள்.

"ம்ம்." கை தாமதமாகப் போனது. தாமதம்தான், ஆனால் போனது. தரை நெருங்கிக்கொண்டிருந்தது.

தரையிறங்கும் சரிபார்ப்பை வாசிக்கச் சொன்னாள். அட்டை அவன் கையில் இருந்தது. கண் அட்டையில் இருந்தது. ஆனால் கண் வரிகளில் நகரவில்லை.

"ஒல்லி, காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

"ம்ம்."

இரண்டு தடவை கேட்டு முறையான பதில் வராவிட்டால் பக்கத்து விமானி செயலிழந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அது விதி. இன்னும் ஒரு கேள்வி. ஆமாவா இல்லையா என்று கேட்டால் மாட்டிக்குவோம். யோசிக்க நேரம் இல்லை. மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் பழகிய வாய் தானாகத் திறந்தது.

"ஒல்லி, நான் உங்களுக்கு ஒரு யானை வாங்கித் தரப்போறேன். என்ன கலர் வேணும்?"

பெட்டிக்குள் இன்ஜின் சத்தம் மட்டும்.

"ம்ம்," என்றான் ஒல்லி.

பின்னால் மீசையின் பேனா கீழே விழுந்து உருண்டது.

"ஐ ஹேவ் கன்ட்ரோல்," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவள் கை தயங்கவே இல்லை. சரிபார்ப்பு முடியவில்லை, பக்கத்தில் இருப்பவன் எந்த நொடியும் முன்னால் சாய்ந்து கட்டுப்பாட்டுக் கருவிகளின் மேல் விழலாம். இறங்கக் கூடாது. நெம்புகோல்களை முன்னால் தள்ளினாள். மூக்கு மேலே எழுந்தது, விமானம் மேகத்துக்குள் மறுபடி ஏறியது. தானியங்கியிடம் விமானத்தை ஒப்படைத்தாள். ஒல்லியின் தோளைப் பின்னால் தள்ளி அவன் தோள் பெல்ட்டை இறுக்கிப் பூட்டினாள். உதவிக்கு விமானப் பணிப்பெண்ணை அழைத்தாள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கூப்பிட்டு, ஒரு விமானிக்கு முடியவில்லை, முன்னுரிமை வேண்டும், தரையில் மருத்துவர் வேண்டும் என்றாள். பணிப்பெண்ணுக்கான குரலை மீசைதான் கொடுத்தார். அவரைச் சும்மா விடவில்லை. "பின்னால இருந்து அவர் தோளைப் பிடிச்சுக்குங்க. கையை விடக் கூடாது. என்ன செய்யணும், திருப்பிச் சொல்லுங்க" என்றாள். தோளைப் பிடிப்பேன், விடமாட்டேன் என்று தலைமைத் தேர்வாளர் திருப்பிச் சொன்னார்.

சுற்றி வந்து, சரிபார்ப்பைத் தானே உரக்கப் படித்து, இறக்கினாள்.

கதவு திறந்ததும் ஒல்லி முதல் வேலையாகச் சிரித்தான். வயிறு வலிக்க அடக்கி வைத்திருந்தானாம். யானைக்கு வெள்ளைதான் வேண்டும் என்றான்.

மீசை சிரிக்கவில்லை. சிறிய அறை, ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். விதிப்புத்தகத்தை மேஜை மேல் வைத்தார். மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினார்.

"யானை எந்தப் பக்கத்துல இருக்கு?"

ஒரு வார்த்தை மாறினாலே நின்று யோசிக்கும் பேனா. தேர்வு நடுவில் யானையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள்.

"புத்தகத்துல இல்ல சார். வீட்டுல இருக்கு."

சொல்லச் சொன்னார். சொன்னாள். மேஜையில் கேட்ட யானையை, பல் நாற்காலியில் எழுந்த விரல்களை, உப்பு டீயை, பாத்திரத்தை. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தப் பயிற்சியை நான் நிறைய பேருக்கு வெச்சிருக்கேன். கை நகரும்போது யாரும் சந்தேகப்படறதில்ல. பாதிப் பேர் தரை வரைக்கும் போயிடுவாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "போன மாசம் என் வீட்டம்மா ஏதோ கேட்டாங்க. 'ம்ம்'னேன். இப்ப என் காரை மச்சான் ஓட்டிட்டுத் திரியறான்."

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

அவள் நேராகப் பல் மருத்துவமனைக்கு வந்தாள். வாசல் மேஜையிலிருந்து நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள். முகத்தைப் படிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாயைத் திறந்தவள் வாழ்க்கையில் முதல் தடவையாக எதுவும் கேட்காமல் மூடிக்கொண்டு, கூடவே உள்ளே வந்தாள்.

அவன் ஒரு நோயாளியின் வாய்க்குள் குனிந்திருந்தான். துளைக்கும் இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. காலடி கேட்டும் நிமிரவில்லை, வேலை நடுவில் அவன் நிமிர மாட்டான். நாற்காலியில் இருந்தவர் மட்டும் திறந்த வாயோடு, திடீரென்று வந்து நின்ற அந்தப் பெண்ணையும் பின்னால் கையைப் பிசைகிற வாசல் மேஜைப் பெண்ணையும் கண்ணை உருட்டிப் பார்த்தார்.

உப்பை எடுங்க என்கிற அதே தொனியில் அவள் சொன்னாள்.

"என்னங்க, அந்த யானையை வாங்கிடலாம்."

இயந்திரம் நின்றது.

அவன் நிமிர்ந்தான். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் அவளை ஒரு கணம் பார்த்தது. பிறகு ஓரத்தில் சுருங்கி, நனைந்து, மறைக்க இடமில்லாமல் நின்றது.

"எங்க கட்டுறது?" என்றான்.

"இங்கதான். நான் வேற ஊருக்குப் போகல."

நாத்தனார் சுவரில் சாய்ந்துகொண்டாள். இனி அண்ணியை என்னவென்று கூப்பிடுவது, முக்கால் போய்விட்டதே, நல்ல பேர் ஒன்று வீணாகிவிட்டதே என்று முணுமுணுத்தாள். கொஞ்சநாள் பயணிகளோடு பறந்து காட்டணும், அதுக்கப்புறம்தான் நாலாவது கோடு, அதுவரைக்கும் முக்காலே அரைக்கால்னு வெச்சுக்கோ என்று அவள் சமாதானம் சொன்னாள்.

நாற்காலியில் இருந்தவர், தன் வாயில் இன்னும் குழாய் இருப்பதை ஞாபகப்படுத்த, "ம்ம்" என்றார்.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"சார்," என்றாள் நாத்தனார் கவலையோடு, "உங்களுக்கு எத்தனை பசங்க, விரல்ல காட்டுங்க."